கிரைசிஸ் இன்னும் ஏன் திணறுகிறது, புதிய டூம் ஏன் பழைய கார்டை ஏற்பதில்லை

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வி இது: "என்னிடம் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, ரைசன் 5 3600 பிராசஸர், 16 ஜிபி ரேம், 1080பி மானிட்டர் இருக்கின்றன. 2007இல் வந்த கிரைசிஸ் விளையாட்டைக்கூட உச்ச செட்டிங்ஸில் சீராக ஓட்ட முடியவில்லை. விமானம் ஓட்டும் கட்டத்தில் பிரேம் எண்ணிக்கை 40க்கும் கீழே விழுகிறது. டூம்: தி டார்க் ஏஜஸ் திறக்கவே மறுக்கிறது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விசாரித்தால், பெரிய கார்டாக ஒன்று போட்டால் இரண்டும் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?"

இரண்டாவது குறைக்கு உண்மை; முதல் குறைக்கு இல்லை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே நோயாகத் தெரியும். ஆனால் ஒன்றில் கார்டு வேலையில்லாமல் பிராசஸருக்காகக் காத்திருக்கிறது, மற்றொன்றில் கேட்கப்படும் வேலையைச் செய்யும் உறுப்பே கார்டில் இல்லை. கிராபிக்ஸ் புரோகிராமிங்கே என் தொழில் என்பதால், இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாயைச் செலவிடுபவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிரேம் என்பது திரையில் வரையப்படும் ஒரு முழுப் படம். விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால், ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் நேரம் 16.67 மில்லிவிநாடி. அதற்குள் பிராசஸர் உங்கள் விசையழுத்தத்தை வாங்கி, எதிரிகள் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுத்து, பொருள்கள் எங்கே விழும் என்று கணக்கிட்டு, திரையில் தெரியப்போகிற ஒவ்வொரு பொருளுக்கும் "இதை வரை" என்ற கட்டளையைத் தயாரித்து அனுப்ப வேண்டும். கார்டு அந்தக் கட்டளைகளை வாங்கி முக்கோணங்களாகவும் பிக்சல்களாகவும் மாற்றி வண்ணம் தீட்ட வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் வேலை செய்கிறார்கள்; பிராசஸர் அடுத்த பிரேமைத் தயாரிக்கும்போது கார்டு முந்தைய பிரேமை வரைந்துகொண்டிருக்கும். எனவே பிரேம் நேரத்தைத் தீர்மானிப்பது இருவரில் மெதுவானவர் மட்டுமே. மெதுவானவர் பிராசஸர் என்றால், கார்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் எண்ணிக்கை ஓர் இம்மியும் ஏறாது.

இனி கிரைசிஸுக்கு வருவோம். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து கிரைடெக் நிறுவனம் உருவாக்கி 2007 நவம்பரில் வெளிவந்த இந்த விளையாட்டு வடிவமைக்கப்பட்ட காலம் மிக முக்கியம். பிராசஸர்களின் வேகம் ஆண்டுதோறும் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் ஏறிக்கொண்டே போகும் என்று தொழில்துறை முழுவதும் நம்பிய காலத்தின் முடிவில் அதன் அடித்தளம் போடப்பட்டது. பென்டியம் 4 வரிசையின் கட்டமைப்பு 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்று இன்டெல் நிறுவனமே பேசிய காலம் அது. நடந்ததோ வேறு. வெப்பமும் மின்கசிவும் தடுத்துவிட, பென்டியம் 4 வரிசை 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் மாடலை இன்டெல் 2004இலேயே கைவிட்டது. அதன்பின் வந்த கோர் 2 டுவோ காலத்திலிருந்து, ஒரு கோரை (பிராசஸருக்குள் தனித்துக் கணக்கிடும் பகுதியை) மிக வேகமாக ஓட்டுவதற்குப் பதிலாகப் பல கோர்களை ஒன்றாக வைப்பதே வழியாயிற்று.

கிரைசிஸின் முக்கியமான வேலைகளில் பெரும்பகுதி ஒரே கோரில் வரிசையாக நடக்கிறது. வேறு சில பணிகள் பிற கோர்களுக்குப் போனாலும், ஆட்டத்தின் தர்க்கமும் வரைதல் கட்டளைகளும் அந்த ஒற்றை வரிசையில்தான் நிற்கின்றன. பந்தியில் நூறு இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்க, சாம்பார் வாளி ஒன்றே ஒன்றாக இருந்தால், பரிமாற ஆறு பேர் நின்றும் பயனில்லை. உங்கள் ரைசன் 5 3600இன் ஆறு கோர்களில் ஒன்று மூச்சுமுட்டிக்கொண்டிருக்க, மற்றவை பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் மொத்தப் பயன்பாடு குறைவாகத் தெரிவதால், பிராசஸரில் குறை இல்லை என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். மொத்தச் சதவீதம் இங்கே ஏமாற்றும். தனித்தனிக் கோர்களின் கோடுகளைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொன்ன விமானக் கட்டம் இதற்குச் சரியான சான்று. அந்தக் கட்டத்தில் உயரத்திலிருந்து பெரும் நிலப்பரப்பு ஒரே பார்வையில் தெரிகிறது. சுற்றிலும் புகை, சூறாவளி, எதிரிகள் எல்லாம் இயங்குகின்றன. விளையாட்டும் கார்டும் பேசிக்கொள்ளும் இடைமுகமான டைரக்ட்எக்ஸின் பழைய முறையில் ஒவ்வொரு பொருளுக்குமான வரைதல் கட்டளையும் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் வழியாகச் செல்லும்போது பிராசஸருக்குக் கணிசமான செலவு வைக்கும். நிழல் விழ வேண்டுமானால், விளக்கின் கோணத்திலிருந்து அதே பொருளை இன்னொரு முறை வரையவும் கட்டளை போக வேண்டும். இந்தச் செலவைக் குறைக்கவும் கோர்களுக்கிடையே பங்கிடவும் வழிசெய்த டைரக்ட்எக்ஸ் 12 வந்தது 2015இல், அதே வகையைச் சேர்ந்த வல்கன் வந்தது 2016இல். கிரைசிஸுக்கு அவற்றின் உதவி கிடையாது. இந்தக் கட்டம் எவ்வளவு கடினமானது என்றால், 2011இல் கன்சோல்களுக்குக் கொண்டுசென்றபோது அதை முழுவதுமாக விட்டுவிட்டார்கள். 2020இல் வந்த மறுபதிப்பிலும் முதலில் அது இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் கிரைசிஸ் மோசமாக எழுதப்பட்ட விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பழிச்சொல்லை நான் ஏற்பதில்லை. அந்த விளையாட்டின் உச்ச செட்டிங்ஸ் 2007ஆம் ஆண்டின் கார்டுகளுக்காக எழுதப்பட்டதே இல்லை. வரப்போகும் கார்டுகளுக்காக வைக்கப்பட்டது. அன்றைய பரிந்துரைப் பட்டியல் கேட்டது 2 ஜிபி ரேமும் 640 எம்பி நினைவகம் கொண்ட ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎஸ் கார்டும்தான். நடுத்தர செட்டிங்ஸில் அது அந்தக் காலத்து கம்ப்யூட்டர்களில் நன்றாகவே ஓடியது, அப்போதும் மற்ற விளையாட்டுகளைவிட அழகாகவே தெரிந்தது. உச்சத்தை வைத்துத்தான் எல்லோரும் அதை அளந்தார்கள்.

அந்த உச்சத்தில் என்ன இருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு குடிசையின் சுவர் தரையைத் தொடும் மூலையை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் நேராகப் படாத இடத்தில்கூட அந்த மூலை மற்ற இடங்களைவிடச் சற்று இருண்டிருக்கும். வானத்திலிருந்து வரும் பொதுவெளிச்சத்தில் பாதி, சுவரால் மறைக்கப்படுவதே காரணம். அதற்கு முந்தைய விளையாட்டுகள் இந்த இருட்டை முன்கூட்டியே மணிக்கணக்காகக் கணக்கிட்டு, சுவரின் படத்தோடு சேர்த்தே சேமித்து வைத்தன. கிரைசிஸில் அது முடியாது. பகல் மெல்ல மாறுகிறது, குடிசையை வெடிவைத்துத் தகர்க்கலாம், மரத்தைச் சுட்டு முறிக்கலாம். சேமித்து வைத்த இருட்டு அடுத்த நொடியே பொய்யாகிவிடும்.

கிரைடெக்கின் விளாதிமிர் கஜாலின் இதற்குக் கண்ட வழி வியக்கத்தக்கது. திரையை வரையும்போது ஒவ்வொரு பிக்சலும் கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஆழக்கணக்கு கார்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பிக்சலைச் சுற்றி ஒரு சிறு கோளத்தைக் கற்பனை செய்து, அதற்குள் சில புள்ளிகளை எடுத்து, அவற்றில் எத்தனை புள்ளிகள் வேறு பரப்புக்குப் பின்னால் புதைந்திருக்கின்றன என்று பார்த்தால், அந்த இடம் எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். அதற்கேற்ப இருட்டாக்கினால் போதும். உலகத்தின் வடிவம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை, திரையில் உள்ளது போதும். எஸ்எஸ்ஏஓ என்று இன்று எல்லா செட்டிங்ஸ் பட்டியலிலும் காணும் சொல் இந்த முறையைத்தான் குறிக்கிறது. 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் 16 புள்ளிகள் என்று வைத்தால், ஒரு பிரேமுக்கு 3.3 கோடி முறை ஆழக்கணக்கைப் படிக்க வேண்டும், 60 பிரேமுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 199 கோடி முறை. அன்றைய கார்டுகள் இதில் திணறியது நியாயமே. உங்கள் 1660 சூப்பருக்கு இது சிரமமே இல்லை. ஆகவேதான் கிரைசிஸில் உங்கள் கார்டை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. டூம் விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. திரைக்கு வெளியே இருப்பதும், முன்னால் நிற்கும் பொருளுக்குப் பின்னால் மறைந்திருப்பதும் அதற்குத் தெரியாது. இதே திரைவழி முறையில் பிரதிபலிப்பைக் கணக்கிட்டால், ஒரு சிவப்புத் தூண் திரையின் ஓரத்தைத் தாண்டியதும், அதன் சிவப்பு தரையில் பிரதிபலிப்பதும் அந்த நொடியே மறைந்துவிடும். இதற்கு முறையான தீர்வு, ஒளி போகும் பாதையை உலகத்தின் உண்மையான வடிவத்துக்குள்ளேயே பின்தொடர்வது. அதுவே ரே டிரேசிங். ஒரு கதிர் இலட்சக்கணக்கான முக்கோணங்களில் எதில் மோதுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாது என்பதால், முக்கோணங்களைப் பெட்டிகளுக்குள்ளும், அந்தப் பெட்டிகளைப் பெரிய பெட்டிகளுக்குள்ளும் அடுக்கி ஒரு மரம்போல் வைக்கிறார்கள். கதிர் பெரிய பெட்டியைத் தொடாவிட்டால் அதற்குள் உள்ள அனைத்தையும் ஒரே அடியில் ஒதுக்கிவிடலாம். இந்தப் பெட்டிச் சோதனையையும் முக்கோணச் சோதனையையும் மட்டுமே செய்யும் தனிச் சுற்றுகளை என்விடியா 2018இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில் வைத்தது. ஏஎம்டி 2020இல் ஆர்எக்ஸ் 6000 வரிசையில் வைத்தது. உங்கள் 1660 சூப்பர் 2019இல் வந்த கார்டு, அதே டூரிங் தலைமுறையைச் சேர்ந்ததுதான். ஆனால் விலையைக் குறைப்பதற்காக அந்தச் சுற்றுகள் அதிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. டூம்: தி டார்க் ஏஜஸ் தேடுவது அவற்றைத்தான்.

2025 மே மாதம் வெளிவந்த அந்த விளையாட்டின் குறைந்தபட்சப் பட்டியல் 1080பியில் குறைந்த செட்டிங்ஸில் 60 பிரேமுக்கானது: 8 ஜிபி நினைவகத்தோடு ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600 கார்டு, 8 கோர் பிராசஸர், 16 ஜிபி ரேம், என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் 100 ஜிபி இடம். 1440பியில் உயர் செட்டிங்ஸுக்கு ஆர்டிஎக்ஸ் 3080 அல்லது ஆர்எக்ஸ் 6800 கார்டும், 32 ஜிபி ரேமும் கேட்கிறார்கள்.

ரே டிரேசிங்கை விருப்பத் தேர்வாக வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பலர் இதைக் கார்டு விற்கும் சூழ்ச்சி என்றே சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருப்பத் தேர்வாக வைத்தால், ஒவ்வொரு இடத்துக்கும் ஒளியமைப்பை இரண்டு முறை செய்ய வேண்டும்: கதிர்களுக்கு ஒன்று, முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமிக்கும் பழைய முறைக்கு ஒன்று. கலைஞர் ஒரு விளக்கை நகர்த்தினால், பழைய முறையில் புதிய கணக்கீடு முடியும்வரை விளைவு தெரியாது. கதிர் முறையில் அந்த நொடியே தெரியும். இடங்கள் பெரிதாக, இடிபடும் பொருள்கள் பெருக, சேமிக்கும் முறை வட்டில் அடைக்கும் இடமும் பெருகும். மேலும் டார்க் ஏஜஸில் கதிர்கள் ஒளிக்கு மட்டும் பயன்படவில்லை. உங்கள் குண்டு எதிரியின் மேலுள்ள பதப்படுத்திய தோலில் பட்டதா, உலோகத்தில் பட்டதா என்று பிரித்தறியவும் அதே வசதியைப் பயன்படுத்துகிறார்கள். அப்படி ஆன பிறகு, அதை அணைத்து வைக்கும் ஒரு பொத்தானைத் தருவது எளிதல்ல.

இப்படிக் கட்டாயப்படுத்துவது புதிதுமல்ல. டூமை உருவாக்கிய இதே ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1996இல் குவேக் விளையாட்டை வெளியிட்டபோது, பென்டியம் பிராசஸரின் தசமக் கணக்குப் பகுதி எவ்வளவு வேகமானதோ அதை நம்பியே அதன் வரைதல் எழுதப்பட்டிருந்தது. சுவரின் படம் சாய்ந்த கோணத்திலும் கோணலாகாமல் தெரிய, 16 பிக்சலுக்கு ஒரு முறை ஒரு வகுத்தல் செய்தார்கள். பென்டியம் அந்த வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும்போதே மற்ற பிக்சல்களை வரைந்து முடித்தார்கள். அலுவலக வேலைகளில் பென்டியத்துக்கு ஈடுகொடுத்த சைரிக்ஸ் 6எக்ஸ்86 பிராசஸர் குவேக்கில் பரிதாபமாகப் பின்தங்கியது. அடுத்து 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டு வந்து பிக்சல் வேலையைப் பிராசஸரிடமிருந்து வாங்கிக்கொண்டது. 1999இல் வந்த குவேக் 3, முப்பரிமாணக் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஓடவே மறுத்தது. அன்றைக்கும் இதே கோபம் எழுந்தது. சில ஆண்டுகளில் பெரும்பாலான விளையாட்டுகளும் அப்படியே ஆகிவிட்டன. ரே டிரேசிங் வசதி முதன்முதலில் வந்ததற்கும் டார்க் ஏஜஸுக்கும் இடையே ஏழு ஆண்டுகள் இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை: கிரைசிஸில் அந்த விமானக் கட்டத்தைத் திறந்து, 1080பியில் பிரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை மட்டும் 720பிக்குக் குறையுங்கள். மற்ற செட்டிங்ஸ் எதையும் தொட வேண்டாம். பிக்சல்கள் பாதிக்கும் கீழே குறைந்தும் எண்ணிக்கை அசையவில்லை என்றால், தடை பிராசஸரில் இருக்கிறது. எண்ணிக்கை பாய்ந்து ஏறினால் தடை கார்டில். இந்த ஒரு சோதனை எந்த விளையாட்டுக்கும் பொருந்தும், செலவே இல்லாதது. கடைக்காரர் சொல்வதைவிட இதையே நம்புங்கள். அவரைக் குறை சொல்லவில்லை. உங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் அவரால் வேறு என்ன சொல்ல முடியும்?

டூமுக்காகக் கார்டு மாற்றத்தான் வேண்டும். குறைந்தபட்சப் பட்டியலில் இருப்பதையே வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 8 ஜிபி நினைவகம் அந்த விளையாட்டுக்குக் குறைந்தபட்சம் என்றால், அடுத்து வருவதற்குப் போதாமல் போகலாம். நினைவகம் நிறைந்துவிட்டால் படங்கள் மதர்போர்டின் இணைப்பு வழியாக ரேமிலிருந்து வந்துபோகும், அப்போது ஆட்டம் விட்டுவிட்டுத் தடுமாறும். உங்கள் பிராசஸரோடு பெரும்பாலும் விற்கப்பட்ட பி450 போர்டாக இருந்தால் அதில் கார்டைப் போர்டோடு இணைக்கும் வழி பழைய பிசிஐஇ 3.0 வகை. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவை அந்த இணைப்பின் 16 தடங்களில் (லேன்) எட்டை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய போர்டில் அந்த வழி பாதியாகக் குறுகிவிடும், நிறைந்து வழியும்போது தடுமாற்றம் கூடுதலாகும். 12 ஜிபி நினைவகமும் 16 லேன்களும் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 அல்லது ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி உங்கள் போர்டுக்கு இன்னும் பொருத்தமானவை. எஸ்.பி. ரோட்டில் இவற்றைப் பயன்படுத்திய கார்டாக வாங்கினால், கடையிலேயே அரை மணி நேரமாவது ஏதேனும் ஒரு கனமான விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறிகளின் சத்தத்தையும் வெப்பநிலையையும் அப்போதே பாருங்கள். டெஸ்க்டாப் திரை தெரிகிறது என்பதைச் சோதனையாக ஏற்காதீர்கள்.

மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மறக்க வேண்டாம். 1660 சூப்பர் எடுத்துக்கொள்வது 125 வாட். 3060க்கு 170, 6700 எக்ஸ்டிக்கு 230. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால், அதன்மேல் 500 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் அதை நம்பி இந்தக் கார்டுகளைப் போடக் கூடாது. 550 அல்லது 650 வாட் கொண்ட, நல்ல பெயருள்ள ஒன்றாக மாற்றுங்கள்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகள், சிறிய ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவதால், கார்டின் சுமையைக் குறைக்கும். பிராசஸரின் சுமையை அவை தொடாது. இடையில் ஒரு பிரேமைத் தானே இட்டு நிரப்பும் பிரேம் ஜெனரேஷன், எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும். ஆனால் உங்கள் விசையழுத்தத்துக்கு விளையாட்டு பதில் சொல்லும் வேகம் அதனால் கூடாது. துப்பாக்கி விளையாட்டில் அந்தப் பதில் வேகமே முக்கியம் என்பதால், 40 பிரேமை 80ஆக்கிக் காட்ட அதை நான் பயன்படுத்த மாட்டேன். ஏற்கெனவே 70, 80 வரும் இடத்தில், வேகமான மானிட்டருக்காகப் போட்டுக்கொள்ளலாம்.

கிரைசிஸுக்கு உண்மையில் உதவக்கூடியது பிராசஸர் மாற்றம். உங்கள் போர்டு ஏஎம்4 சாக்கெட் என்பதால் போர்டையும் ரேமையும் மாற்றாமலே ரைசன் 7 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி கிடைத்தால் பொருத்தலாம். அவற்றில் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 96 எம்பி; உங்கள் 3600இல் 32 எம்பி, அதுவும் பதினாறு பதினாறாகப் பிரிந்து கிடக்கிறது. ஒற்றைக் கோரில் வரிசையாக ஓடி, சிதறிக் கிடக்கும் தரவுகளை ஓயாமல் தேடும் பழைய விளையாட்டுகளுக்கு இந்தப் பெரிய கேஷ் நேரடியாகப் பயன்படும். எட்டு கோர்கள் இருப்பதால் டார்க் ஏஜஸின் குறைந்தபட்சப் பட்டியலும் நிறைவேறும். அந்த விமானக் கட்டம் எப்போதும் 60இல் நிற்கும் என்று இதனாலும் உறுதி தர முடியாது. விழும் ஆழம் குறையும், அவ்வளவே. மாற்றுவதாக முடிவெடுத்தால், போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் பழைய 3600 பொருத்தியிருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். புதிய பிராசஸரைப் பொருத்திய பிறகு பழைய பயாஸில் போர்டு திரையையே காட்டாது.